ஏழு சதவீத வட்டி யாருக்குக் கிடைக்கும்?

திருமலையின் கோடிகளுக்கும் சித்தூர் குடும்பங்களின் ஆயிரங்களுக்கும் கேள்வி ஒன்றுதான்: சேமிப்பை எந்த வங்கியில், எந்த நிபந்தனையில் வைப்பது?

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் 5,258 கோடி ரூபாய். அதில் உண்டியல் காணிக்கையாக எதிர்பார்க்கப்பட்டது 1,729 கோடி. அதற்கு அடுத்த பெரிய வரவு லட்டு விற்பனையும் அல்ல, தரிசன டிக்கெட்டும் அல்ல. வங்கிகளில் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டுகளுக்கு வரும் வட்டிதான். அது மட்டும் 1,310 கோடி. பக்தர்கள் உண்டியலில் நான்கு ரூபாய் போட்டால், வங்கிகள் தங்கள் பங்குக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய் வட்டி தருகின்றன.

இத்தனை பெரிய வட்டி வரவு உள்ள நிர்வாகம், எந்த வங்கி கூடுதலாகத் தருகிறது என்று பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் 2020 மார்ச் மாதம் திருமலைக்குப் பெரிய தலைவலி வந்திருக்கும்.

1,300 கோடி தப்பிய கதை

2020 மார்ச் 5 அன்று மாலை, யெஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் ஏ.டி.எம். வாசல்களில் வரிசை நின்றது. ஒடிசாவின் புரி ஜகந்நாதர் கோயிலுக்கு அந்த வங்கியில் சுமார் 545 கோடி ரூபாய் டெபாசிட் இருந்தது. கோயில் நிர்வாகமும் மாநில அரசும் பதறிப்போயின.

திருமலையில் அந்தப் பதற்றம் இல்லை. யெஸ் வங்கியில் இருந்த 1,300 கோடி ரூபாயைச் சில மாதங்களுக்கு முன்பே தேவஸ்தானம் எடுத்துவிட்டிருந்தது. அப்போதைய அறங்காவலர் குழுத் தலைவர் ஒய்.வி. சுப்பா ரெட்டி, வங்கியின் நிதிநிலை சரியில்லை என்று கருதிப் பணத்தைத் திரும்பப் பெறச் சொன்ன செய்தி மார்ச் மாதத்தில்தான் பரவலாக வெளிவந்தது.

ஸ்டேட் வங்கி தலைமையில் பல வங்கிகள் முதலீடு செய்ய, மார்ச் 18 அன்று கட்டுப்பாடு நீங்கியது. டெபாசிட் போட்டவர்கள் யாரும் அசலை இழக்கவில்லை. புரி கோயிலின் பணமும் பிறகு ஸ்டேட் வங்கிக்கு மாற்றப்பட்டது. ஆனால் அதே வங்கியின் ஒருவகைக் கடன் பத்திரங்களில் போடப்பட்டிருந்த 8,400 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முதலீடு முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. கூடுதல் வட்டி என்ற ஒரே காரணத்துக்காக டெபாசிட்டிலிருந்து அந்தப் பத்திரங்களுக்கு மாறியிருந்த சிறு முதலீட்டாளர்களும் அதில் பாதிக்கப்பட்டார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு அதிக வட்டி என்ற போட்டியை இந்தியாவில் முதலில் தொடங்கி வைத்ததே யெஸ் வங்கிதான்.

ஒரே வட்டிக் காலம் முடிந்தது

2011 அக்டோபர் 25 வரை இந்தியாவில் எந்த வங்கிக்குப் போனாலும் சேமிப்புக் கணக்குக்கு ஒரே வட்டி. அதை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயித்தது. 2003 முதல் 3.5 சதவீதம், 2011 மே மாதத்திலிருந்து 4 சதவீதம். 2010 ஏப்ரலுக்கு முன்பு இன்னொரு பாதகமும் இருந்தது. மாதத்தின் பத்தாம் தேதி முதல் கடைசித் தேதி வரை கணக்கில் எது குறைந்தபட்ச இருப்போ, அதற்கு மட்டும்தான் வட்டி. இருபதாம் தேதி பணம் எடுத்தால் அந்த மாதத்து வட்டி அநேகமாகப் போய்விடும். 2010 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது.

2011 அக்டோபரில் கட்டுப்பாடு நீங்கியதும் யெஸ் வங்கி உடனே 6 சதவீதம் அறிவித்தது. கோட்டக் மஹிந்திரா வங்கியும் வட்டியை உயர்த்தியது. பெரிய வங்கிகள் அசையவில்லை. 2016 முதல் சிறு நிதி வங்கிகள் வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விடாஸ் அவற்றில் ஒன்று. அவை ஆறு, ஏழு சதவீதம் என்று கூவி அழைத்தன.

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்டேட் வங்கிக்கு ஊருக்கு ஊர் கிளை. அரசு ஊழியர் சம்பளம், பென்ஷன், மானியம் எல்லாம் தானாக அதன் கணக்குகளுக்கு வந்து சேர்கின்றன. அது வட்டி கொடுத்து யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. புதிய வங்கிக்கு அந்த வசதி கிடையாது. வாடிக்கையாளரை ஈர்க்க அதனிடம் உள்ள ஒரே வழி வட்டி. அது கொடுக்கும் கடன்களுக்கு வாங்கும் வட்டியும் அதிகம், அதில் உள்ள ஆபத்தும் அதிகம். ஆகவே உயர்ந்த வட்டியைப் பார்த்ததும் ஏமாற்று என்று ஒதுக்குவதும் தவறு, பரிசு என்று ஓடுவதும் தவறு. அந்த வங்கி எதற்காக நம் பணத்தைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

2025இல் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ விகிதத்தை அந்த ஆண்டில் 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 சதவீதமாகக் குறைத்தது. ஜூன் மாதத்தில் ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாக்கியது. ஒரு லட்சம் ரூபாய் ஒரு வருடம் முழுக்கத் தூங்கினால் 2,500 ரூபாய். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை.

தேவஸ்தானத்தால் முடியும், நம்மால் முடியாது

2022 நவம்பரில் தேவஸ்தானம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 24 வங்கிகளில் 15,938 கோடி ரூபாய் டெபாசிட், 10,258 கிலோ தங்கம் என்று கணக்குக் காட்டியது. வங்கிகளிடம் வட்டி கேட்டுப் பெற்று, அட்டவணை வங்கிகளில் அதிகம் தருபவர்களிடம் போடுவதாக விளக்கமும் தந்தது. இன்று 3 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டெபாசிட்டை வங்கிகள் மொத்த டெபாசிட் என்கின்றன. அதற்கு அன்றன்றைக்குத் தனி வட்டி சொல்லலாம்.

சாதாரண வாடிக்கையாளர் பேரம் பேச முடியாது. ஆனால் அவரைக் காக்கவும் ஒரு விதி உண்டு. சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சம் வரையிலான இருப்புக்கு ஒரு வங்கி எல்லோருக்கும் ஒரே வட்டிதான் தர வேண்டும். மும்பைக் கிளையில் என்ன வட்டியோ அதேதான் சித்தூர் சர்ச் தெருக் கிளையிலும். "எங்கள் மேனேஜர் தெரிந்தவர், கூடப் போட்டுத் தருவார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நம் கையில் உள்ள ஒரே பலம், வங்கியை மாற்றும் உரிமை.

திருமலை தங்கத்துக்கும் வட்டி வாங்குகிறது. 2016 ஏப்ரலில் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 1,311 கிலோ தங்கத்தை 1.75 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுகளுக்கு வைத்தது. 2019 ஏப்ரலில் அது 1,381 கிலோவாகத் திரும்பியது. தேர்தல் நேரம் என்பதால் திருவள்ளூர் மாவட்டத்தில் பறக்கும் படை வண்டியை மறித்ததும், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் அது பெரிய செய்தியானதும் பலருக்கு நினைவிருக்கும். பிடிபட்ட அந்தத் தங்கத்தில் எழுபது கிலோ, வட்டி.

வட்டி குறையும்போது இத்தனை பெரிய நிர்வாகத்துக்கும் சபலம் வரும். 2020 ஆகஸ்டில் வங்கி வட்டி சரிந்தபோது, உபரிப் பணத்தை அரசுப் பத்திரங்களில் போடலாம் என்று அறங்காவலர் குழு முடிவெடுத்தது. சுவாமி பணத்தை மாநில அரசுக்குக் கடன் கொடுப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மாநில அரசின் பத்திரங்களில் போடுவதில்லை என்று தேவஸ்தானம் பின்வாங்கியது.

முதலைத் தொடாமல் அதன் பலனில் செலவு செய்வது இந்த ஊருக்குப் புதிய பழக்கமும் அல்ல. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள், பெரும்பாலும் தமிழில், திருமலைச் சுவர்களிலும் கீழ்த்திருப்பதிக் கோயில்களிலும் இருக்கின்றன. அன்பர் ஒருவர் கோயில் பண்டாரத்தில் நற்பணம் செலுத்துவார். கோயில் அதைக் கொண்டு தன் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டும். கூடுதலாக விளைவதில் அவர் பெயரால் நைவேத்தியம் நடக்கும். முதல் அப்படியே நிற்க வேண்டும், பலனில்தான் செலவு செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு. 1985இல் என்.டி. ராமராவ் தொடங்கி வைத்த அன்னதானத் திட்டமும் இதே முறைதான். நன்கொடை வங்கியில் நிற்கிறது, அதன் வட்டியில் உலை கொதிக்கிறது.

"வரை" என்ற சொல் எங்கே இருக்கிறது?

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் "7% வரை" என்று இருக்கும். ஏழு பெரிய எழுத்தில், "வரை" சிறிய எழுத்தில். உண்மையில் பல வங்கிகள் இருப்பைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு வட்டி வைக்கின்றன. உதாரணத்துக்கு ஒரு வங்கி இப்படி அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம்: ஒரு லட்சம் வரை 3 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 5 சதவீதம், ஐந்து லட்சத்துக்கு மேல் 7 சதவீதம்.

திருப்பதியில் ஒரு மளிகைக் கடைக்காரரின் கணக்கில் 80,000 ரூபாய் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது 2,400 ரூபாய். 2.5 சதவீதம் தரும் பெரிய வங்கியில் 2,000 கிடைத்திருக்கும். புதுக் கணக்குத் திறந்து, கார்டு வாங்கி, செயலி இறக்கி, எல்லாம் செய்தது ஆண்டுக்கு 400 ரூபாய்க்காக.

மூன்று லட்சம் இருந்தால்? முதல் லட்சத்துக்கு 3,000, அடுத்த இரண்டு லட்சத்துக்கு 10,000. மொத்தம் 13,000. சராசரி 4.33 சதவீதம்.

ஆறு லட்சம் இருந்தால் 3,000, 20,000, 7,000 என்று முப்பதாயிரம். சராசரி 5 சதவீதம். ஆறு லட்சம் போட்டவருக்கும் ஏழு சதவீதம் வரவில்லை. ஆறாவது லட்சத்துக்கு மட்டும்தான் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வங்கி டெபாசிட்டுகளுக்கான காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய். நம் உதாரணத்தில் ஏழு சதவீதம் தொடங்குவதே அந்த ஐந்து லட்சத்துக்கு மேல்தான். அதாவது காப்பீடு முடியும் இடத்தில் உயர்ந்த வட்டி ஆரம்பிக்கிறது. எந்த வங்கியின் படிப்பட்டியலைப் பார்த்தாலும் இந்தக் கோட்டை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சேமிப்புக் கணக்கு வட்டி வாக்குறுதி அல்ல. எப்போது வேண்டுமானாலும் மாறும். ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்ட் வங்கி 2020இல் ஏழு சதவீதம் வரை கொடுத்தது. 2021இல் அடுத்தடுத்துக் குறைத்தது. அந்த வட்டியை நம்பிக் கணக்குத் தொடங்கியவருக்கும் குறைந்த வட்டிதான். விகிதம் நிலையாக வேண்டுமென்றால் எஃப்.டி. போட வேண்டும்.

மினிமம் பேலன்ஸ் என்ற கண்ணி

2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடம் ஸ்டேட் வங்கி வசூலித்த அபராதம் 1,771 கோடி ரூபாய். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான அதன் காலாண்டு லாபத்தைவிட அது அதிகம். கடும் விமர்சனத்துக்குப் பின் அபராதம் குறைக்கப்பட்டு, 2020 மார்ச்சில் அடியோடு நீக்கப்பட்டது. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் கனரா, பஞ்சாப் நேஷனல், பாங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கி ஆகியவையும் அபராதத்தைக் கைவிட்டன.

தனியார் வங்கிகள் வேறு பக்கம் போயின. 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, பெருநகர, நகரக் கிளைகளில் புதுக் கணக்கு தொடங்குபவர்கள் சராசரியாக 50,000 ரூபாய் வைக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் அதை 15,000 ஆக்கியது. அரைநகரக் கிளைகளுக்கு 7,500, கிராமக் கிளைகளுக்கு 2,500.

எந்த ஊர் நகரம், எது அரைநகரம்? மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் நகரம் என்பது ரிசர்வ் வங்கியின் வகைப்பாடு. சித்தூரும் திருப்பதியும் அந்தக் கோட்டைத் தாண்டியவை. புத்தூரும் நகரியும் 2011 கணக்கெடுப்பின்படி அதற்குக் கீழே. நகரியில் வீடும் திருப்பதியில் வேலையுமாக இருப்பவர், எந்தக் கிளையில் கணக்குத் தொடங்குகிறார் என்பதைப் பொறுத்து வைக்க வேண்டிய இருப்பு பாதியாகலாம்.

மாதச் சராசரி என்பது தினமும் அவ்வளவு இருக்க வேண்டும் என்பதல்ல. ஒவ்வொரு நாளின் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி நாட்களால் வகுப்பார்கள். சராசரி 10,000 வேண்டுமென்றால், முப்பது நாள் மாதத்தில் கூட்டுத்தொகை மூன்று லட்சம் வர வேண்டும். முதல் பத்து நாள் 30,000 இருந்து, பிறகு முழுவதும் எடுத்துவிட்டாலும் நிபந்தனை நிறைவேறிவிடும். இது தெரியாமல் அவசரத்துக்குக் கூடப் பணத்தைத் தொடாமல் இருப்பவர்கள் ஏராளம்.

குறைந்தால் என்ன ஆகும்? பற்றாக்குறையில் 6 சதவீதம் அபராதம் என்று ஒரு வங்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். 10,000 இருக்க வேண்டிய இடத்தில் மாதம் முழுக்க 5,000 இருந்தால் அபராதம் 300 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 354. அந்த ஐந்தாயிரத்துக்கு ஏழு சதவீதம் கொடுத்தால் ஒரு வருட வட்டியே 350 ரூபாய்தான். ஒரே மாத அபராதம் வருட வட்டியை விழுங்கிவிடுகிறது.

இதிலும் வாடிக்கையாளருக்கு உரிமைகள் உண்டு. 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அபராதம் பற்றாக்குறைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. அத்தனை சிக்கலும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அதில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது.

ஏ.டி.எம். செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய வங்கிக்கு ஊரில் ஒரு ஏ.டி.எம். இருந்தால் அதிகம். பெருநகரம் அல்லாத ஊர்களில் மற்ற வங்கி ஏ.டி.எம்.களில் மாதம் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 2025 மே முதல் 23 ரூபாய் வரை, வரி தனி. இருப்புப் பார்ப்பதும் அந்த ஐந்தில் ஒன்றாகக் கணக்கில் வரும்.

தானாக எஃப்.டி. ஆகும் கணக்கு

பெரிய வங்கியிலேயே இருந்துகொண்டு கூடுதல் வட்டி பெற ஒரு வழி, ஸ்வீப் வசதி. குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேரும் பணம் தானாக எஃப்.டி.யாக மாறும். தேவைப்பட்டால் ஏ.டி.எம்.மில் எடுக்கும்போதே எஃப்.டி. தானாக உடையும். வட்டி எஃப்.டி. வட்டி, வசதி சேமிப்புக் கணக்கு வசதி.

நிபந்தனை இங்கேயும் உண்டு. எஃப்.டி.க்கு ஏழு நாட்கள் நிறைவடையாவிட்டால் வட்டி இல்லை. இடையில் உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியிலிருந்து ஒரு பகுதியைக் கழிப்பது வழக்கம். வாரத்துக்கு இருமுறை பணம் போட்டு எடுக்கும் கடைக்காரருக்கு ஸ்வீப்பால் பெரிய பலன் இல்லை. பென்ஷன் வாங்கி மாதச் செலவு போக மீதம் வைப்பவருக்கு நல்ல பலன். ஒரு கோடி ரூபாய் வரை தனிநபர் போடும் எஃப்.டி.யை இடையில் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. "உடைக்கவே முடியாது" என்று கிளையில் யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லலாம்.

தபால் நிலையத்தை மறந்துவிடக் கூடாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம், குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய். படிகள் இல்லை, பணத்துக்கு மத்திய அரசு முழுப் பொறுப்பு. 2025 முழுவதும் அங்கே ஓராண்டு டெபாசிட்டுக்கு 6.9 சதவீதமும், அறுபது வயதானவர்களுக்கான மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 8.2 சதவீதமும் கிடைத்தன. மூத்தவர்கள் அதில் 30 லட்சம் வரை போடலாம். ஏழு சதவீத சேமிப்புக் கணக்கைத் தேடிச் செயலிகளைப் புரட்டும் பல ஓய்வூதியர்களுக்கு அதைவிட நல்ல இடம் தெருமுனை அஞ்சலகத்திலேயே இருக்கிறது.

ஐந்து லட்சக் கோடு

டெபாசிட் காப்பீடு 1993 முதல் ஒரு லட்சமாகவே நின்றிருந்தது. பி.எம்.சி. கூட்டுறவு வங்கி 2019 செப்டம்பரில் முடங்கி, முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்ற நிலை வந்து, மும்பையில் வாடிக்கையாளர்கள் தெருவில் அழுதபின், 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சமானது. வங்கி முடங்கினால் 90 நாட்களுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது.

அரசு வங்கி, தனியார் வங்கி, சிறு நிதி வங்கி, கிராமிய வங்கி, கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் கூட்டாக ஒன்று என்றால் மூன்றுக்கும் தனித்தனியே ஐந்து லட்சம். வட்டியும் அதற்குள் அடங்குவதால், அசலை நாலரை லட்சத்தோடு நிறுத்துவது நல்லது.

இதனால்தான் கோயிலும் குடும்பமும் ஒரே விதமாக முடிவெடுக்க வேண்டியதில்லை. 1,300 கோடி போட்டவருக்கு ஐந்து லட்சக் காப்பீடு ஒன்றுமில்லை. வங்கியின் ஆரோக்கியத்தைத்தான் அவர் பார்க்க வேண்டும். மூன்று லட்சம் வைத்திருக்கும் குடும்பம், அதிக வட்டி தரும் சிறு நிதி வங்கியைத் தயக்கமில்லாமல் பரிசீலிக்கலாம். ஆனால் 90 நாள் என்பது பணம் பாதுகாப்பாக வரும் என்பதற்கான உறுதிதான், நாளைக்கே வரும் என்பதற்கான உறுதி அல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தை முழுவதும் அங்கே வைப்பது சரியல்ல.

காப்பீட்டுக்கு வெளியே இருப்பவையே பெரிய ஆபத்து. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களின் டெபாசிட்டுகளுக்கு இந்தக் காப்பீடு இல்லை. நிறுவனங்கள் வாங்கும் டெபாசிட்டுக்கும் இல்லை. ஆந்திர மக்களுக்கு இதைச் சொல்ல அக்ரிகோல்டு என்ற ஒரு பெயர் போதும். விஜயவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம், நல்ல வருமானமும் மனையும் தருவதாகச் சொல்லிப் பல மாநிலங்களில் லட்சக்கணக்கானவர்களிடம் பணம் திரட்டி முடங்கியது. கடைசியில் மாநில அரசே கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டி வந்தது. 2019 நவம்பரில் பத்தாயிரம் ரூபாய் வரை போட்டவர்களுக்கும், 2021 ஆகஸ்டில் இருபதாயிரம் வரை போட்டவர்களுக்கும் பணம் கிடைத்தது. அதற்கு மேல் போட்டவர்களின் காத்திருப்பு அதோடு முடியவில்லை.

பெயர் மாறிய பாஸ்புக்

சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2006 முதல் இயங்கிய சப்தகிரி கிராமீண வங்கி இன்று அந்தப் பெயரில் இல்லை. ஒரு மாநிலத்துக்கு ஒரே கிராமிய வங்கி என்ற மத்திய அரசின் கொள்கைப்படி, 2025 மே 1 அன்று மற்ற மூன்று கிராமிய வங்கிகளோடு இணைந்து ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கி ஆனது. தலைமையகம் அமராவதி. இந்தியன் வங்கி இருந்த இடத்தில் யூனியன் வங்கி ஆதரவு வங்கியாக வந்தது.

இணைப்பில் டெபாசிட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் காப்பீட்டுக் கணக்கில் ஒரு மாற்றம் வரும். இணைந்த இரண்டு வங்கிகளில் தனித்தனியே நான்கு லட்சம் வைத்திருந்தவருக்கு இப்போது ஒரே வங்கியில் எட்டு லட்சம். காப்பீடு ஐந்து லட்சம்தான். கட்டணங்களும் வட்டிப் பட்டியலும் புதிய வங்கியின்படி மாறும். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பழைய நிபந்தனை தொடர்வதாக நம்பியிருக்காமல், கிளையில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குத் தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

• என் இருப்புக்கு, படிகளைக் கணக்கிட்டால், ஆண்டுக்கு எத்தனை ரூபாய் வரும்?

• சராசரி இருப்பு எவ்வளவு, மாதத்துக்கா, காலாண்டுக்கா? குறைந்தால் அபராதம் எவ்வளவு?

• டெபிட் கார்டு, எஸ்.எம்.எஸ்., காசோலைப் புத்தகம் ஆகியவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் என்ன?

• இந்த வட்டி அறிமுகச் சலுகையா? எந்தத் தேதி வரை?

• வட்டி மாதா மாதம் வரவு வைக்கப்படுமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா?

• கணக்கை ஓராண்டுக்குள் மூடினால் கட்டணம் உண்டா?

• நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா?

புகார் கொடுத்து முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. உதவி எண் 14448.

வரி பற்றியும் ஒரு குறிப்பு. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி வரி பிடிப்பதில்லை. அதற்காக வரியே இல்லை என்று பொருளில்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 10,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களுக்கு எஃப்.டி. வட்டியும் சேர்த்து 50,000 வரையும் விலக்கு உண்டு. புதிய வரி முறையில் இந்த விலக்கு இல்லை.

மாம்பழப் பணம் வரும்போது

சித்தூர் மாவட்டத்தில் மாத வருமானத்தை நம்பி எல்லோரும் வாழவில்லை. தோத்தாபுரி மாம்பழம் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் தோட்டக்காரர்களுக்கு வருடத்துப் பணம் வருகிறது. அதுவும் எல்லா வருடமும் சொன்ன நேரத்தில், சொன்ன விலையில் வருவதில்லை. 2025இல் விலை சரிந்தபோது தொழிற்சாலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று மாநில அரசு அறிவித்தது. அந்த நான்கு ரூபாய் வங்கிக் கணக்கு வழியாகத்தான் விவசாயிக்குப் போனது. இப்படி மொத்தமாக வந்து வருடம் முழுக்கச் செலவாகும் பணத்துக்குத்தான் நல்ல கணக்கு மிகவும் தேவை.

நான்கு லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் உடனடிச் செலவு. மீதி மூன்று லட்சம் சேமிப்புக் கணக்கில் இருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு லட்சமாகச் செலவானால், 2.5 சதவீதத்தில் 3,750 ரூபாய் வட்டி. அதே மூன்று லட்சத்தை மூன்று, ஆறு, ஒன்பது மாத எஃப்.டி.களாகப் பிரித்து, வட்டி 5.5 சதவீதம் என்று வைத்தால் 8,250 ரூபாய். வங்கி மாறவில்லை, புதுக் கணக்கு இல்லை, காப்பீட்டுக் கோட்டையும் தாண்டவில்லை. 4,500 ரூபாய் கூடுதல்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டில் மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய தேதிக்குள் கட்டிவிட்டால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதமாகும். மூன்று லட்சக் கடன் உள்ளவருக்கு அந்தத் தள்ளுபடி ஆண்டுக்கு 9,000 ரூபாய். மேலே சொன்ன எஃப்.டி. ஏற்பாட்டின் கூடுதல் லாபத்தைப் போல இரண்டு மடங்கு. நகை அடகு வைத்துப் பன்னிரண்டு, பதினைந்து சதவீதம் வட்டி கட்டுபவருக்கு அந்த நகையை மீட்பதைவிட அதிகம் தரும் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலும் இல்லை. ஆகவே ஜூன் மாதப் பணம் கைக்கு வருவதற்கு முன், பயிர்க்கடன் கெடு எந்தத் தேதி என்று கடன் கொடுத்த கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எஃப்.டி.யும் சிறு நிதி வங்கியும் அந்தத் தொகை போக மிஞ்சுவதற்கு.